கோடைக் கிமோனோவில் எட்டு மஞ்சள் புள்ளிகள்

1. கத்தரிக்கோலைக் கீழே வை

முதல் நாளே என் வேலை போயிருக்க வேண்டும். அதற்குக் காரணம் எனக்குத் தையல் தெரியாதது அல்ல. நன்றாகத் தெரிந்திருந்ததுதான்.

யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருசம் லேடீஸ் ரெயிலராக இருந்தவன் நான். ரொறன்ரோவுக்கு அகதியாக வந்த பிறகு, ஸ்படைனாப் பக்கம் ஒரு ஃபக்டரியில் மூன்று வருசம் கோட்டுக்கு லைனிங் போட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஃபக்டரியை மூடினார்கள். அங்கே சூப்பர்வைசராக இருந்த போர்த்துக்கேயப் பெண்மணி ஒரு விலாசத்தை எழுதித் தந்து, "கைத்தையல் தெரிந்த ஆள் தேடுகிறார்கள், போய்ப் பார்" என்றார். குயின் ஸ்ட்ரீட் மேற்கில், ஸ்ட்ரீட்கார் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும் ஒரு மேல்மாடி. பழைய ஜப்பான் உடுப்பு விற்கும் கடை.

முதலாளியின் பெயர் எமிக்கோ. ஐம்பது வயது, கட்டையாக வெட்டிய முடி, எந்நேரமும் கழுத்தில் அளவு நாடா. ஜப்பானியக் குடும்பம், ஆனால் பிறந்தது கனடாவில். நாங்கள் இருவரும் பேசியது இங்கிலீசில்தான். என் ஞாபகத்தில் அது தமிழாகவே தங்கியிருப்பதால் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

எமிக்கோ ஒரு பட்டுக் கிமோனோவைத் தந்து, தோள்மூட்டில் பிரிந்திருந்த தையலைச் சரிபார்க்கச் சொன்னார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இடுப்பிலே மூன்று விரற்கிடை துணி மடிந்து கிடக்கிறது. கழுத்துப் பட்டிக்குள் இன்னும் கூட. தையலோ கை ஓட்டம், அதுவும் இழைவிட்டுத் தைத்தது போலத் தளர்வு. இதைத் தைத்தவன் படு அரைகுறை என்று முடிவுகட்டினேன். மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிட்டு, மெசினில் அடித்து, ஓவர்லொக் பண்ணிக் கொடுத்தால் மனுசி அசந்துபோவார் என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

"கத்தரிக்கோலைக் கீழ வை!"

அறையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் என் கை தானாகவே கீழே போய்விட்டது.

பிறகு எமிக்கோ பக்கத்தில் வந்து இருந்து பொறுமையாகச் சொன்னார். கிமோனோ என்பது எட்டு நேர்த் துண்டு. வளைவு வெட்டு ஒன்றும் இல்லை. மிஞ்சிய துணியை வெட்டுவதில்லை, உள்ளே மடித்து வைப்பார்கள். கழுவ வேண்டுமென்றால் முழுவதையும் பிரித்து, துண்டுகளை வரிசையாக இணைத்து, திரும்பவும் ஒரே நீளத் துணியாக்கிக் கழுவிக் காயவிட்டு, மறுபடி தைப்பார்கள். அதனால்தான் தையல் தளர்வு. இழுபட்டால் நூல் அறவேண்டும், துணி கிழியக் கூடாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எங்கள் ஊரில் "உன்ர தையல் பிரிஞ்சு போச்சு" என்பது ஏச்சு. பன்னிரண்டு வருசமாகப் பிரியாத தையலுக்குப் பேரெடுத்தவனிடம், பிரியும்படி தை என்கிறார். "பிரியிற தையலுக்கு ஏன் என்னைப்போல ரெயிலர்?" என்று கேட்டுவிட்டேன்.

"பிரியிற மாதிரித் தைக்கிறது கஷ்டம். செய்து பார். சரிவந்தால் நாளைக்கும் வா" என்றார் எமிக்கோ.

அன்று பின்னேரம் வரை நாலு தரம் தைத்து நாலு தரம் பிரித்தேன். ஐந்தாந்தரம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அடுத்த நாளும் போனேன். எட்டு வருசம் போனேன்.

2. வேர்க்கிற காலத்தில் ஸ்நோ

ஜப்பானிலிருந்து பழைய உடுப்புகள் பெரிய பொதியாக வரும். எமிக்கோ பொதியைப் பிரிக்க, நான் தரம் பிரிப்பேன். திருத்தக் கூடியது ஒரு பக்கம், குயின் ஸ்ட்ரீட் டிசைனர்கள் வாங்கி ஜக்கெற்றாக வெட்டுவதற்கு ஒரு பக்கம். கோடை உடுப்புகளைத் தனியாக வைப்போம். வெயில் கடுமையாக இருக்கும் இரண்டு மாதத்துக்கு மட்டும் உடுத்தும் உடுப்புகள் அவை. லைனிங் இல்லை. "ரோ" என்று ஒரு பட்டு: குறுக்கே வரிசை வரிசையாக ஊசிக்கண் அளவு இடைவெளி விட்டு நெய்திருப்பார்கள். யன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் கோடு கோடாக வரும். பழைய ரோவைத் தைப்பது பெரிய தலையிடி. ஊசி ஒரு இழை தள்ளிப் போனால் இடைவெளி வாயைத் திறந்துவிடும்.

ஒருநாள் இரண்டு ரோக் கிமோனோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார் எமிக்கோ. ஒன்று பழைய முறை. அடி விளிம்பிலிருந்து புல் முளைத்து மேலே வளைகிறது, நடுவே ஓடுகிற தண்ணீர், அங்கங்கே மின்மினி. பக்கத்துத் துண்டுக்குப் புல் தொடர்ந்து போகிறது, தையலிலே ஒரு தாள்கூட முறியவில்லை. மற்றது இரண்டாம் யுத்தத்துக்கு முந்தியது. வெள்ளை நிலத்தில் பெரிய பெரிய வட்டம், விளிம்பிலே ஆறு பள்ளம். வட்டத்துக்குள் ஐந்து இதழ்ப் பூ. ஆனால் அடிமட்டமும் கவராயமும் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை கீறிய மாதிரி கறுப்பிலும் செந்தூர நிறத்திலும் வெட்டுவெட்டான கோடு.

"உந்த வட்டம் என்ன?" என்றேன்.

"ஸ்நோ. பழைய சின்னம்தான். அந்தக் காலத்து இளம் பெட்டையள் அம்மாவின்ர மாதிரி உடுக்க மாட்டம் எண்டு நிண்டவை. மில்லுக்காரர் அதே ஸ்நோவை, அதே பூவை, புதுசாக் கீறிக் குடுத்தினம்."

"கோடை உடுப்பில ஆர் ஸ்நோ கீறுவான்? ஆறு மாசம் அதுக்குள்ள கிடந்து உத்தரிக்கிறது காணாதே?"

எமிக்கோ சிரித்தார். "உடுக்கிறவளுக்கில்லை சிவா, பாக்கிறவைக்கு. அவள் உள்ளுக்க இன்னொரு உடுப்பும் உடுத்திருப்பாள், வேர்க்கத்தான் செய்யும். றோட்டால போறவன் அவளைக் கண்டு ஒரு கணம் குளிரட்டும் எண்டு."

எனக்கு அது பிடித்துப் போயிற்று. ஜூலை மாதத்தில், ஏசி வேலை செய்யாத ஸ்காபரோ மண்டபத்தில், எங்கள் ஆட்கள் கூறைக்குச் சமமான பட்டைச் சுற்றிக்கொண்டு இருப்பதை நினைத்தேன். பார்க்கிற எங்களுக்கே வேர்க்கும்.

தையற்காரனாக எனக்கு அந்தப் புது டிசைனில் இன்னொன்றும் பட்டது. புல்லுக்கு மேல் கீழ் உண்டு. தலைகீழாக வைத்தால் மாடும் திரும்பிப் பார்க்கும். ஸ்நோ வட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஸ்நோதான். அதை எமிக்கோவிடம் சொன்னேன். "இப்பதான் நீ கிமோனோ பாக்கத் தொடங்கியிருக்கிறாய்" என்றார்.

3. வசந்தியின் செம்பு

தொண்ணூற்று நாலு ஜூலை. என் மனைவி வசந்திக்கு ஆறு மாதம். அதற்கு முதல் வருசம் எங்கள் முதற் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. இந்த முறை டொக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். அஜின்கோர்ட்டில் பத்தாம் மாடி அப்பார்ட்மென்றில் அவளைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. எமிக்கோவிடம் சொன்னேன். "கைத்தையலை வீட்ட கொண்டுபோய்ச் செய். கிழமையில ரெண்டு நாள் மட்டும் வா" என்றார். அந்தக் காலத்தில் எந்த முதலாளி அப்படிச் சொல்லுவார்?

அப்படி ஒருநாள் நான் கடைக்குப் போனபோது எமிக்கோ ஒரு காகிதப் பெட்டியைத் தந்தார். "கஸ்டமர் ஒருவரின்ர. ரோ. அடி விளிம்பும் தோளும் திருத்த வேணும். பத்து நாள்ல குடுக்க வேணும், கவனம்." பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெள்ளை நிலம், ஸ்நோ வட்டம், செந்தூரக் கோடு. கடையில் தொங்கியதைவிட அழகு. யாருடையது, எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவசரமாக பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டில் கட்டிலில் வெள்ளை விரிப்பைப் போட்டு, அதன் மேல் கிமோனோவை விரித்தேன். கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, வசந்தி கதிரையில் சாய்ந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உது ஆரின்ர?"

"ஆரோ கஸ்டமரின்ர."

"உடுத்த ஆக்கள் உயிரோட இருக்கினமோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? அறுபது வருசத்து உடுப்பு. எங்கட கடைக்கு வாறது முக்கால்வாசி செத்த ஆக்களின்ரதான்."

எவ்வளவு மண்டை மொக்கு என்று இன்றைக்கு நினைக்கிறேன். சொல்லிவிட்டு, உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ற் லோண்ட்ரிக்குப் போய்விட்டேன். முக்கால் மணித்தியாலம் கழித்து வந்து கதவைத் திறந்தால் மஞ்சள் மணக்கிறது. வசந்தி செம்பை மடியில் வைத்துக்கொண்டு அதே கதிரையில் இருக்கிறாள். கட்டிலில் கிமோனோ. அதன் இடது முன்பக்கத்தில், ஸ்நோ மேல், எட்டு மஞ்சள் புள்ளி.

கனடாவில் இருப்பவர்களுக்கு மஞ்சள் ஸ்நோ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்திலும் எனக்குக் காலைத் தூக்கும் நாய்தான் ஞாபகம் வந்தது.

"என்ன வேலை செய்தனீர்?"

"மஞ்சத்தண்ணி தெளிச்சனான்." அவள் செம்பைக் கீழே வைத்தாள். "செத்த ஆக்களின்ர உடுப்பை நான் படுக்கிற கட்டில்ல விரிக்கிறியள். சாவுத் துடக்கோட இந்தப் பிள்ளைக்கும் ஏதும் நடந்தால்? போன முறையும் அவசர வேலையெண்டு நீங்கள் உந்த உடுப்புகளைத்தான் வீட்ட கொண்டு வந்தனீங்கள். நான் அப்ப ஒண்டும் சொல்லேல்லை."

அந்தக் கடைசி வசனம் எனக்குத் தெரியாத விசயம். ஒரு வருசமாக அவள் அதை மனதில் வைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயமும் வெட்கமும்தான் மிஞ்சின. செய்யக் கூடாத வேலையைச் செய்தேன். குசினிக்குள் போய்ச் சவுக்காரத்தை நனைத்து வந்து, முழங்கால் மட்டத்தில் இருந்த பெரிய புள்ளியைத் தேய்த்தேன்.

மஞ்சள் குங்குமமாகச் சிவந்தது.

"ஐயோ! மஞ்சளுக்குச் சவுக்காரம் போடுவினமே? சிவக்கும் எண்டு தெரியாதே? விடுங்கோ, கையை எடுங்கோ!" வசந்தி எழும்பி வந்துவிட்டாள். வினாகிரியில் தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றினாள். சிவப்பு திரும்பவும் மஞ்சளானது. "இனித் தொடாதையுங்கோ. வெயில்ல போட்டால் தானாப் போகும். சட்டையில பட்டால் அப்பிடித்தானே எடுக்கிறனாங்கள்."

பல்கணியில் நல்ல வெயில். கொண்டுபோய் விரித்துவிடலாம், இரண்டு நாளில் மஞ்சள் போகும், ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. கிமோனோவைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் மஞ்சளைத் தின்கிற வெயில் செந்தூரத்தையும் தின்னும் என்பது எனக்குத் தெரியும். அறுபது வருசத்துச் சாயம். திரும்ப மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

"எமிக்கோவிட்டச் சொல்லப் போறன்" என்றேன்.

"வேலை போனால்?"

"போகட்டும்."

அப்படித் தைரியமாகச் சொன்னேனே ஒழிய, பிள்ளை வரப்போகிற வீட்டில் வேலை போவதென்றால் என்ன என்பது இருவருக்கும் தெரியும். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

4. ஸ்நோவுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை

காலையில் கடை திறக்க முதலே போய் வாசலில் நின்றேன். எமிக்கோ பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

"மஞ்சள் ஆர் போட்டது?"

"மனுசி. ஆனால் உடுப்பு ஆரின்ரயெண்டு அவ கேட்டவ. நான்தான் விசாரிக்காமல் செத்த ஆக்களின்ர எண்டு சொன்னனான்."

"சவுக்காரம்?"

"நான்."

எமிக்கோ கண்ணாடியைக் கீழே வைத்தார். "இந்த உடுப்புக்காரி உயிரோடதான் இருக்கிறா. மிசஸ் நகானோ. எண்பத்து நாலு வயசு. கலியாணம் முடிச்சுக் கப்பல்ல வன்கூவருக்கு வரேக்க கொண்டு வந்தது. யுத்தத்தில கனடா அரசாங்கம் ஜப்பான்காரரெல்லாரையும் கடற்கரையை விட்டுக் கலைச்சது. வீடு, படகு எல்லாம் போட்டுது. கையில கொண்டு போன ஒரு பெட்டிக்குள்ள இது இருந்தது."

வீட்டை விட்டு ஒரு பையோடு வெளிக்கிட்டவன் நானும்தான். பக்கத்தில் கிடந்த துணிப் பொதியில் இருந்துவிட்டேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். எமிக்கோ திட்டவில்லை. "வெயில்ல போகும் எண்டு உன்ர மனுசி சொன்னவவோ?" என்று கேட்டார்.

"ஓம். அது கட்டாயம் போகும். ஆனால் மற்ற நிறங்களும் போயிடும்."

"முழுசையும் ஏன் வெயில்ல போடுறாய்? பிரி."

இருவருமாக இருந்து பிரித்தோம். தளர்வான ஓட்டத் தையல், இழுக்க இழுக்க வந்தது. புள்ளி பட்டிருந்த இரண்டு துண்டுகள் தனியாக வந்தன: இடது உடல் துண்டு, அதன் விளிம்பில் வரும் ஒடுக்கமான முன் ஓரத் துண்டு. கறுப்பு மட்டையில் புள்ளிகளின் இடத்துக்கு மட்டும் துளை வெட்டினேன். துணிக்கு மேல் மட்டையை வைத்துக் குண்டூசி குத்தினோம். கட்டடத்தின் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விரித்தோம். எமிக்கோ தன் வெயில் தொப்பியை எனக்குத் தந்தார்.

வசந்திக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அக்கா இருக்க, நாலு நாள் அங்கேதான் என் வேலை. கதிரையைப் போட்டு இருந்து, முகில் வந்தால் மூடுவேன், போனால் திறப்பேன், புறாக்களைக் கலைப்பேன். ரொறன்ரோவில் புறாவுக்கு மரியாதை தெரியாது. மத்தியானத்தில் ஒருதரம் வீட்டுக்குப் போன் எடுப்பேன். வசந்தி முதலில் கேட்பது "எத்தினை போட்டுது?" என்றுதான். முதல் நாள் இரண்டு. இரண்டாம் நாள் ஐந்து. நாலாம் நாள் பின்னேரம் ஏழு புள்ளி இருந்த இடமே தெரியவில்லை.

எட்டாவது போகவில்லை. நான் சவுக்காரம் போட்டுத் தேய்த்தது. இழை பஞ்சுபட்டு, உள்ளே பிஸ்கற் நிறத்தில் ஒரு காசளவு நின்றுவிட்டது. அவள் தெளித்ததெல்லாம் போய், நான் மறைக்கப் பார்த்தது மட்டும் மிஞ்சியதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வசந்தியிடம் அதைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தது.

அந்தப் புள்ளி இருந்தது ஓரத் துண்டில். மேசையில் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கழுத்துப் பட்டிக்குள் போகும் மேல் நுனியையும் வெட்டாமல் முழுதாக வைத்திருந்தார்கள். நேரான ஒரு நீளத் துண்டு. வலது பக்கத்துக்கும் இதேபோல ஒன்று உண்டு. இடதைத் தலைகீழாகத் திருப்பினால் அது வலதுக்குச் சரியாகப் பொருந்தும். வலதைத் திருப்பினால் இடதுக்கு. புல் போட்ட கிமோனோ என்றால் நடக்காது. இது ஸ்நோ.

"எமிக்கோ, கிமோனோவை எந்தப் பக்கம் மேல விட்டு உடுப்பினம்? எப்பவும் இடதுதானே?"

"எப்பவும் இடதுதான் மேல. வலது உள்ளுக்க போயிடும்" என்றவர் என் கையைப் பார்த்தார். பார்த்ததும் விளங்கிவிட்டது. நூல்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு துண்டையும் மாற்றித் தைத்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு தையல் நான் அதற்கு முதலும் தைக்கவில்லை, பிறகும் தைக்கவில்லை. பொம்மைக்கு உடுத்திப் பார்த்தோம். முன்பக்கம் முழுவதும் பழுதில்லாத ஸ்நோ. கறை வலது துண்டோடு உள்ளே போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வடிவாச் செய்திருக்கிறாய்" என்றார் எமிக்கோ. "ஆனால் மறைச்சுப்போட்டுச் சொல்லாமல் குடுக்கிறதில்லை. நாளைக்கு வருவினம். நீதான் சொல்ல வேணும்."

5. எந்த நாளுக்கு

மிசஸ் நகானோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒடுக்கமான படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தார். சின்ன உருவம். காதில் மெசின். கண் மட்டும் ஊசி. கிமோனோவைக் கண்டதும் பொம்மையைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், சவுக்காரம், வெயில், எதையும் விடவில்லை. "ஒரு கறை போகேல்லை. அது என்ர பிழை. அந்தத் துண்டை வலது பக்கத்துக்கு மாத்தியிருக்கிறன். நீங்கள் உடுக்கேக்க உள்ளுக்க போயிடும், ஒருத்தருக்கும் தெரியாது" என்று முடித்தேன்.

மகளின் முகம் கறுத்துவிட்டது. கிழவி என்னைப் பார்த்தார். பிறகு எமிக்கோவைப் பார்த்தார்.

"நீயும் கேக்கேல்லையோ எதுக்கெண்டு?"

"கோடை நடனத்துக்கெண்டு நினைச்சன்" என்றார் எமிக்கோ.

"எண்பத்து நாலு வயசில ஆர் ஆடுறது? இது நான் செத்த பிறகு உடுத்தி விடுறதுக்கு."

எமிக்கோ கையால் வாயைப் பொத்தினார். எனக்கு விளங்கவில்லை. எமிக்கோதான் மெல்லிய குரலில் சொன்னார்: உயிரோடு இருப்பவர்களுக்கு இடது மேலே. இறந்தவர்களுக்கு மட்டும் மாறி, வலது மேலே.

நான் மறைத்து வைத்த கறை அன்றைக்கு எல்லோரும் பார்க்க நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவே வந்து நிற்கும். மூன்று நாளாகத் தைத்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. "நான் இப்பவே பிரிச்சு மாத்திறன். ரெண்டு நாள் தாங்கோ" என்று ஊசிப்பெட்டியை எடுத்தேன்.

"பொறு. உன்ர மனுசி ஏன் மஞ்சள் தெளிச்சவ? அதைச் சரியாச் சொல்லு."

சொல்லத் தயங்கினேன். செத்த ஆளின் உடுப்பு என்று நினைத்தாள் என்பதை அந்த முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். முதற் பிள்ளை போனதையும், இப்போது ஆறு மாதம் என்பதையும், அவள் ஒரு வருசமாக மனதுக்குள் வைத்திருந்ததையும் சொன்னேன். சொல்லும்போது என் கண் கலங்கிவிட்டது. அதுவரை நான் அந்தப் பிள்ளைக்காக ஒருவர் முன்னும் அழுததில்லை.

மிசஸ் நகானோ பொம்மையின் இடது பக்கத்தை விலக்கி, கறையைத் தேடிப் பிடித்து, விரலால் தடவினார்.

"அவ நினைச்சதில பிழையில்லை. இது சாவு உடுப்புத்தான். நாங்கள் ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்லை, அவ்வளவுதான்." மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிழவி கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு குழந்தைக்காகத் தெளிச்சதின்ர மிச்சம். மேல இருக்கட்டும். மாத்தாதை."

"அம்மா, இது கோடை உடுப்பு. நீங்கள் குளிர் காலத்தில போனால்?" என்றார் மகள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்.

"ஸ்நோ போட்டிருக்குத்தானே" என்றார் மிசஸ் நகானோ.

எங்கள் மகள் அந்த ஒக்டோபரில் சுகமாகப் பிறந்தாள். மிசஸ் நகானோ அதற்குப் பிறகும் இரண்டு வருசம் இருந்தார். ஒரு ஜனவரி மாதம் அவருடைய மகள் கடைக்குப் போன் எடுத்தார். ஃபியூனரல் ஹோம்காரருக்கு எப்படி உடுத்துவதென்று எழுதிக் கொடுத்தும் விளங்கவில்லை, வர முடியுமா என்று கேட்டார். எமிக்கோவும் நானும் போனோம். அவர்கள் நல்ல மனதோடு, கவனமாக, இடதை மேலே விட்டு உடுத்தியிருந்தார்கள். கறை உள்ளே இருந்தது. ஒரு மாசு மறு இல்லாத வெள்ளை ஸ்நோ, நான் முதலில் ஆசைப்பட்ட மாதிரியே.

எமிக்கோ மிசஸ் நகானோவின் தலையைத் தாங்கிப் பிடிக்க, நான் இடதை விலக்கி, வலதை எடுத்து மேலே விட்டு, சுருக்கமில்லாமல் தடவி விட்டேன். பிஸ்கற் நிறக் காசு மேலே வந்தது. அதைப் பார்த்த மகள் தலையாட்டினார். ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது வசந்தி சுடுதண்ணி வைத்திருந்தாள். பிள்ளையைத் தூக்காமல் நேரே குளிக்கப் போகச் சொன்னாள். குளியலறைக் கதவடியில் வந்து நின்று கேட்டாள்: "மேல வந்ததோ?"

"ஓம்" என்றேன்.

இப்போது எனக்குச் சொந்தமாக, உடுப்புத் திருத்திக் கொடுக்கும் ஒரு ஓல்ற்றறேசன் கடை உண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் மெசினைக் காட்ட முதல் சொல்வது ஒன்றுதான். உடுப்பைக் கையில் வாங்கியதும் அளவு நாடாவை எடுக்காதீர்கள். யாருக்கு, எந்த நாளுக்கு என்று கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் உங்களுக்கேன் என்பார்கள். எப்போதாவது ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாததை உங்களிடம் சொல்வார். கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு தையுங்கள்.